முன்பணம் செலுத்தியவருக்கும் பாதுகாப்பு வேண்டும்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் கிளை திறந்த சிறிது நேரத்திலேயே ஒரு வாடிக்கையாளர் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் மின்முலாம் பட்டறை நடத்துபவர். தமிழ்நாட்டிலிருந்து இளம் வயதில் தொழிலாளியாக வந்து, இருபது ஆண்டுகள் பிறரிடம் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தவர். மின்னணுக் கருவிகளில் பொருத்தப்படும் கனெக்டர்களின் முனைகளுக்குத் தங்க முலாம் பூசித் தருவது அவருடைய தொழில். பதினொரு பேருக்கு அங்கே வேலை.

தங்க முலாம் பூசுவதற்குத் தங்கக் கட்டியை வாங்கித் தொட்டியில் போட முடியாது. பொட்டாசியம் தங்க சயனைடு என்ற சேர்மம் வேண்டும். தொழிலில் உள்ளவர்கள் அதைக் ‘கோல்டு சால்ட்’ என்பார்கள். பார்ப்பதற்குச் சமையலறை உப்பைப் போன்ற வெண்பொடி. ஆனால் அதன் எடையில் ஏறத்தாழ 68 விழுக்காடு தங்கம். அவர் 250 கிராம் கோல்டு சால்டுக்காக வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவருக்குச் சுமார் 17 லட்சம் ரூபாயை முன்பணமாக எங்கள் கிளை வழியே அனுப்பியிருந்தார். பணம் சென்ற சில நாள்களுக்குள், பொருள் விமானம் ஏறுவதற்கு முன், அரசின் அறிவிக்கை வெளிவந்துவிட்டது. விலையுயர்ந்த உலோகங்களின் கூழ்மங்களும் சேர்மங்களும் அடங்கிய 2843 என்ற சுங்கத் தலைப்பு முழுவதும் ‘தடையற்றது’ என்ற வகையிலிருந்து ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற வகைக்கு மாற்றப்பட்டிருந்தது. இனி அரசின் முன் அனுமதி இல்லாமல் அந்தப் பொடி நாட்டுக்குள் வர முடியாது.

“பணம் போய்விட்டது, மேடம். பொருள் வராது என்கிறார்கள். நான் இதில் என்ன தவறு செய்தேன்?” என்று கேட்டார்.

அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பணம் அனுப்பிய நாளில் அந்தப் பொருள் சட்டப்படி தடையின்றி இறக்குமதி செய்யக்கூடியதாகவே இருந்தது. ஆனால் சிறிது நேரம் கழித்து அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என்னால் அவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியவில்லை. “எல்.சி. போட்டிருந்தால் வந்திருக்குமாமே?” என்றார். ஆம், வந்திருக்கக்கூடும். எல்.சி. வேண்டாம், கட்டணம் வீண், பழகிய விற்பனையாளர்தானே, முன்பணமே அனுப்பிவிடலாம் என்று அவருக்கு ஆலோசனை சொன்னவள் நான்தான்.

அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இக்கட்டுரை. விலையுயர்ந்த உலோகங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமை உண்டு, காரணமும் உண்டு. ஆனால் கட்டுப்பாடு திடீரென வரும்போது நம் கொள்கை அளிக்கும் பாதுகாப்பு பெரிய இறக்குமதியாளர் பயன்படுத்தும் முறைக்கு மட்டுமே கிடைக்கிறது. சிறு தொழில்முனைவோர் பணம் செலுத்தும் முறைக்கு அது கிடைப்பதில்லை. இது சரிசெய்யப்பட வேண்டியது. சரிசெய்யக்கூடியதும்கூட என்பது என் கருத்து.

கட்டுப்பாடு ஏன் வந்தது?

வாடிக்கையாளர்களில் பலர் இத்தகைய அறிவிக்கைகளைக் கண்டவுடன் அரசு தொழிலை நெருக்குகிறது என்று எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. இதன் பின்னணியை அறிந்துகொள்வது நல்லது.

தங்கத்தின் மீதான இறக்குமதித் தீர்வை 2022 ஜூலை முதல் 15 விழுக்காடாக இருந்தது. 2024 ஜூலை மாத நிதிநிலை அறிக்கையில் அது 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குறைந்த பிறகும் அது சிறு தொகையன்று. ஒரு கிலோ தங்கம் 90 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6 விழுக்காடு என்பது 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். எங்கே இவ்வளவு தொகை மிச்சமாகும் வாய்ப்பு இருக்கிறதோ, அங்கே ஒரு குறுக்கு வழியும் தேடப்படும்.

அந்தக் குறுக்கு வழி சுங்கப் பட்டியலின் இலக்கணத்திலேயே இருந்தது. பட்டியலின் 71-ஆம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பு உண்டு. ஓர் உலோகக் கலவையில் எடையளவில் 2 விழுக்காடோ அதற்கு மேலோ பிளாட்டினம் இருந்தால், அந்தக் கலவை முழுவதும் பிளாட்டினக் கலவையாகவே கருதப்படும். மீதி 98 விழுக்காடும் தங்கமாக இருந்தாலும் அவ்வாறே. மேலும், அந்த அத்தியாயத்தில் ‘பிளாட்டினம்’ என்ற சொல் பல்லேடியம், ரோடியம், இரிடியம், ஆஸ்மியம், ருத்தேனியம் ஆகியவற்றையும் சேர்த்தே குறிக்கும். உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் வகைப்பாடு இது, ஏமாற்றுவதற்காக எழுதப்பட்டதன்று. ஆனால் பிளாட்டினக் கலவைக்கு ஏதேனும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் தங்கத்தைவிடக் குறைந்த தீர்வை கிடைக்குமானால், தங்கத்தில் சிறிது பிளாட்டினத்தைக் கலந்து அனுப்புவது ஒருவருக்கு இலாபமாகிவிடுகிறது. உள்ளே வந்தபின் உருக்கிப் பிரித்தால் தங்கம் தங்கமே.

இந்த வழியை அடைக்கவே அரசு படிப்படியாக நடவடிக்கை எடுத்தது. 2023 ஜூலையில் சில வகைத் தங்க நகைகளும், 2024 ஜூனில் கல் பதித்த சில நகை வகைகளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2025 நிதிநிலை அறிக்கையில், 99 விழுக்காடும் அதற்கு மேலும் தூய்மை கொண்ட பிளாட்டினத்துக்கெனத் தனிச் சுங்க எண் உருவாக்கப்பட்டது. 2025 ஜூனில், எடையில் 1 விழுக்காட்டுக்கு மேல் தங்கம் கலந்த பல்லேடியம், ரோடியம், இரிடியம் கலவைகள் கட்டுப்படுத்தப்பட்டன. அதே மாதத்தில்தான் சேர்மங்களும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. கலவையில் மறைந்து வந்த தங்கம் இனிச் சேர்மத்தில் மறைந்து வரலாம். கோல்டு சால்ட்டைத் தங்கமாக மாற்றுவது வேதியியல் அறிந்தவருக்குக் கடினமான செயலன்று.

அறிவிக்கைக்கான விளக்கத்திலேயே, மின்னணு, மின்சாதனம், சிறப்பு வேதிப்பொருள் முதலிய தொழில்களின் நேர்மையான தேவை தடைபடாது, அவர்கள் அனுமதி பெற்று இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று அரசு கூறியிருந்தது. ஆக, நோக்கம் என் வாடிக்கையாளரைத் தடுப்பதன்று. அவரைப் போன்றவரின் போர்வையில் வருபவரைத் தடுப்பதே.

அனுமதி என்பது என்ன?

நம் நாட்டில் இறக்குமதிப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்கச் சுங்க எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே, பொருள் தடையற்றதா, கட்டுப்படுத்தப்பட்டதா, தடை செய்யப்பட்டதா என்பது குறிக்கப்பட்டிருக்கும். ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்றால் வரவே கூடாது என்று பொருளன்று. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதியோடு வரலாம் என்பதே பொருள். 1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தக (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் அந்த அதிகாரத்தை வழங்குகிறது. அனுமதியின்றி வந்தால், சுங்கச் சட்டத்தின்படி அப்பொருள் தடை செய்யப்பட்ட பொருளாகவே கருதப்பட்டுப் பறிமுதலுக்கு உள்ளாகும்.

விண்ணப்பம் இயக்குநரகத்தின் இணையதளத்தில் ஏ.என்.எஃப். 2எம் என்ற படிவத்தில் அளிக்கப்பட வேண்டும். இறக்குமதியாளருக்கு ஐ.இ.சி. எண் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அதன் விவரங்கள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்தப் பொருள், எவ்வளவு, எதற்காக, முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு இறக்குமதி செய்தார், எவ்வளவு பயன்படுத்தினார் என்பவற்றை ஆவணங்களோடு காட்ட வேண்டும். இத்தகைய விண்ணப்பங்களை எக்ஸிம் ஃபெசிலிடேஷன் கமிட்டி என்ற குழு பரிசீலிக்கிறது. தொடர்புடைய அமைச்சகங்களின் கருத்தும் கேட்கப்படும். அனுமதி பெரும்பாலும் ‘உண்மைப் பயனாளர்’ என்ற நிபந்தனையோடு வரும். அதாவது, கொண்டுவந்த பொருளைத் தம் தொழிலில்தான் பயன்படுத்த வேண்டும். வேறொருவருக்கு விற்கக் கூடாது.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தையும் நீக்க வேண்டும். நகைத் தொழில் செய்யும் சில வாடிக்கையாளர்கள், தங்கக் கட்டியை நேரடியாக இறக்குமதி செய்ய அனுமதி பெற்றுத் தர முடியுமா என்று கேட்பதுண்டு. தங்கக் கட்டியின் பாதை வேறு. அதை ரிசர்வ் வங்கி நியமித்த வங்கிகளும், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் நியமித்த முகமைகளும் இறக்குமதி செய்கின்றன. தகுதி பெற்ற நகை வணிகர்கள் காந்திநகரின் கிஃப்ட் நகரில் 2022 ஜூலையில் தொடங்கப்பெற்ற இந்திய சர்வதேசத் தங்கச் சந்தை வழியாகவும் இறக்குமதி செய்யலாம். சுத்திகரிக்கப்படாத தங்கமான டோரே கட்டிகளைச் சுத்திகரிப்பு ஆலைகள் உரிமம் பெற்று இறக்குமதி செய்கின்றன. ஆகவே சாதாரண நகை வணிகர் ஒருவருக்குத் தங்கம் வேண்டுமானால், அனுமதிக்காக அலைய வேண்டியதில்லை. இவர்களிடமிருந்து வாங்குவதே வழி.

பாதுகாப்பு யாருக்கு?

இப்போது என் வாடிக்கையாளரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தடையற்றதாக இருந்த ஒரு பொருள் திடீரெனக் கட்டுப்படுத்தப்பட்டால், அதற்கு முன் ஒப்பந்தம் செய்தவர்களின் நிலை என்ன? இதற்கு 2023-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் 1.05-ஆம் பத்தி விடை தருகிறது. கட்டுப்பாடு விதிக்கப்படும் நாளுக்கு முன்பே, திரும்பப் பெற இயலாத எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதம் திறக்கப்பட்டிருந்தால், அதன் காலவரைக்குள்ளும் அதில் எஞ்சியுள்ள மதிப்புக்கும் அளவுக்கும் உட்பட்டும் பொருளைக் கொண்டுவரலாம். அந்த எல்.சி.யைக் கட்டுப்பாடு வந்த 15 நாள்களுக்குள் உரிய மண்டல அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அறிவிக்கையே வேறுவிதமாகக் கூறினாலன்றி, இச்சலுகை பொதுவாக உண்டு. ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட பொருளைப் பொறுத்தவரை, அது இந்தியாவை வந்தடைந்த நாளைவிட வெளிநாட்டிலிருந்து புறப்பட்ட நாளே இறக்குமதி நாளாகக் கணக்கிடப்படுகிறது.

முன்பணம் செலுத்தி, பொருள் புறப்படுவதற்காகக் காத்திருப்பவருக்கு இப்பத்தியில் இடமில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். எல்.சி. திறந்தவரின் பணம் பெரும்பாலும் இன்னும் அவருடைய கணக்கிலேயே இருக்கிறது. ஆவணங்கள் வந்த பிறகுதான் அது வெளியே போகும். கட்டுப்பாடு வந்தால் அவர் இழப்பது ஒரு வணிக வாய்ப்பைத்தான், அவருக்கே பாதுகாப்பு. முன்பணம் செலுத்தியவரின் பணமோ நாட்டை விட்டே போய்விட்டது. கட்டுப்பாடு வந்தால் அவர் இழக்கக்கூடியது முதலையே. அவருக்குப் பாதுகாப்பு இல்லை.

முன்பணம் செலுத்துபவர்கள் யார்? எங்கள் கிளையின் அனுபவத்தில், பெரும்பாலும் சிறு பட்டறைக்காரர்கள். எல்.சி. திறக்க வங்கியில் தனி வரம்பு வேண்டும். அதற்கு ஈடு வேண்டும். ஒரு பகுதியை ரொக்கமாக ஒதுக்கி வைக்க வேண்டும். திறப்பதற்கும் திருத்துவதற்கும் கட்டணம் உண்டு. 17 லட்சம் ரூபாய் சரக்குக்காக இவ்வளவையும் செய்யச் சிறு தொழில்முனைவோர் தயங்குவர். வெளிநாட்டு விற்பனையாளரும் சிறு அளவு வாங்குபவரிடம் முன்பணத்தையே கேட்பார். ஆகவே கொள்கையை எழுதியவர்கள் எவரையும் வேண்டுமென்றே விலக்கவில்லை என்றாலும், நடைமுறையில் பாதுகாப்பு பெரியவரிடமும் இடர் சிறியவரிடமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதோடு நிற்பதில்லை. முன்பணமாக அனுப்பிய தொகைக்கு ஈடான பொருள், அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நாட்டுக்குள் வர வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. ஒவ்வொரு முன்பணமும் ரிசர்வ் வங்கியின் ஐ.டி.பி.எம்.எஸ். என்ற கண்காணிப்பு அமைப்பில் பதிவாகி, அதற்குரிய பில் ஆஃப் என்ட்ரி வந்து பொருந்தும் வரை நிலுவையாகவே இருக்கும். பொருளைக் கொண்டுவர ஒரு துறை அனுமதி தரும் வரை காத்திருக்க வேண்டும். பொருள் ஏன் வரவில்லை என்று மற்றொரு விதியின்கீழ் விளக்கமும் அளிக்க வேண்டும். நடுவில் வாடிக்கையாளரிடம் கடிதம் கேட்டு எழுதுவது நாங்கள்தான். அந்தக் கடிதங்களை எழுதும்போது எனக்கு ஏற்பட்ட சங்கடத்தை மறைக்க விரும்பவில்லை.

பழைய அனுபவம் ஒன்று

தங்கத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளின் சுமை கடைசியில் யார்மீது விழுகிறது என்பதை நம் நாடு முன்பே கண்டிருக்கிறது. சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் அறிவிக்கப்பட்டன. புதிய நகைகள் 14 காரட் தூய்மைக்கு மேல் செய்யப்படக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அந்நியச் செலாவணியைக் காப்பதும் கடத்தலைத் தடுப்பதும் அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் எவரும் குறை காண முடியாது. ஆனால் 22 காரட் நகை செய்தே பழகிய பொற்கொல்லர்கள் பல்லாயிரவர் ஒரே நாளில் தொழிலை இழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 14 காரட் விதி 1966-இல் கைவிடப்பட்டது. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-இல் நீக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டன.

இன்றைய கட்டுப்பாடு அத்தகையதன்று என்பதை வலியுறுத்தியே சொல்கிறேன். அன்று தொழிலே தடைபட்டது. இன்று அனுமதி பெற்றுத் தொழிலைத் தொடர வழி இருக்கிறது. ஆனால், விதியின் நோக்கம் சரியாக இருப்பது மட்டும் போதாது. அது நடைமுறைக்கு வரும் முதல் சில வாரங்களில் யார் தாங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் இரு காலத்துக்கும் பொதுவானது.

என்ன செய்யலாம்?

முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரலாமே என்று சிலர் கூறுவர். அதை நான் ஏற்கவில்லை. ஒரு மாதம் முன்னதாக அறிவித்தால், அந்த ஒரு மாதத்துக்குள் ஓராண்டுக்கான சரக்கு வந்து குவிந்துவிடும். திடீரென வருவதே இத்தகைய கட்டுப்பாட்டின் வலிமை. அது அப்படியே இருக்கட்டும்.

முன்பணத்துக்கும் சலுகை அளித்தால், போலி நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ளுமே என்பது அடுத்த வாதம். இது நியாயமான அச்சம். ஆனால் முன்பணம் என்பது கையால் எழுதிய ரசீதன்று. எந்த நாளில், எந்த நிமிடத்தில், யாருக்கு, எந்தச் சரக்குக்காகப் பணம் சென்றது என்பது வங்கியின் ஸ்விஃப்ட் செய்தியில் பதிவாகிறது. ஐ.டி.பி.எம்.எஸ். அமைப்பில் அதற்குத் தனி எண்ணும் உண்டு. பின்தேதியிட்டு இவற்றை உருவாக்க இயலாது. சான்றின் உறுதியைப் பொறுத்தவரை எல்.சி.க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

ஆகவே என் பரிந்துரை இதுதான். கட்டுப்பாடு வந்த நாளுக்கு முன் வங்கி வழியாக முன்பணம் செலுத்தியவருக்கும் 1.05-ஆம் பத்தியின் பாதுகாப்பு விரிவுபடுத்தப்பட வேண்டும். ஆனால் அதற்கு மூன்று வரம்புகள் இருக்கட்டும். முதலாவது, அவர் உற்பத்தியாளராக, உண்மைப் பயனாளராக இருக்க வேண்டும்; வாங்கி விற்பவருக்கு இது பொருந்தாது. இரண்டாவது, அளவு அவருடைய முந்தைய இறக்குமதியின் சராசரியைத் தாண்டக் கூடாது. பத்து கிராம் வாங்கி வந்தவர் திடீரெனப் பத்துக் கிலோவுக்குப் பணம் கட்டியிருந்தால் அவர் வழக்கமான வரிசையிலேயே நிற்கட்டும். மூன்றாவது, எல்.சி.யைப் போலவே இதையும் 15 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வங்கியின் சான்று அதனுடன் இணைக்கப்பட வேண்டும். இந்த மூன்று வேலிகளுக்குள் தங்கக் கடத்தல் நுழைவது மிகக் கடினம். என் வாடிக்கையாளரின் 250 கிராம் நுழைந்துவிடும்.

மற்றொன்றும் உண்டு. அனுமதிக்காக விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலம் முழுவதையும், முன்பணத்துக்கான ஆறு மாதக் கணக்கிலிருந்து தானாகவே கழித்துவிடலாம். இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியே கால நீட்டிப்பு கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. ஒரே காரணத்துக்காக இரு கதவுகளைத் தட்ட வைப்பது தேவையற்றது.

எங்கள் பங்கும் உங்கள் பங்கும்

அரசைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வங்கியைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது. கட்டணம் மிச்சமாகும் என்று மட்டும் கணக்கிட்டு நான் ஆலோசனை கூறினேன். கொள்கை மாற்றம் என்ற இடரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஓராண்டுக்குள் பலமுறை கட்டுப்பாடு வந்த ஒரு பொருள் வரிசையில், அடுத்து எதுவும் வரலாம் என்பதை நான் எண்ணியிருக்க வேண்டும். இப்போது எங்கள் கிளையில், 71-ஆம் அத்தியாயத்திலோ 2843 தலைப்பிலோ வரும் எந்தப் பொருளுக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன், அதே நாளின் கொள்கை நிலையைப் பார்த்து, வாடிக்கையாளரிடம் எல்.சி.யின் பாதுகாப்பையும் விளக்கிச் சொல்கிறோம். முடிவு அவருடையது, ஆனால் தெரிந்தே எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர்களுக்கும் சில வேண்டுகோள்கள். நீங்கள் வாங்கும் பொருளின் எட்டு இலக்கச் சுங்க எண்ணை விற்பனையாளர் எழுதியபடியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் சுங்க முகவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும் நாளில் மட்டுமன்றி, பணம் அனுப்பும் நாளிலும் கொள்கை நிலையைப் பாருங்கள். முன்பணம்தான் வழி என்றால், இந்தியாவில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் அதை மறுக்கமாட்டார். மாதந்தோறும் எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்ற கணக்கை ஒழுங்காக எழுதி வையுங்கள். நாளை அனுமதி கேட்கும்போது உங்கள் நேர்மைக்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. விற்பனையாளர் கடன் அளித்தால், விலையுயர்ந்த உலோகங்களுக்கு அந்தக் கடன் பொருள் அனுப்பிய நாளிலிருந்து 90 நாள்களுக்கு மேற்படக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் வாடிக்கையாளரின் கதை முழு இழப்பாக முடியவில்லை. விற்பனையாளர் பொருளை அனுப்பாமல் நிறுத்திவைத்து, பல கடிதங்களுக்குப் பிறகு, ரத்துக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு பணத்தைத் திருப்பி அனுப்பினார். ஐ.டி.பி.எம்.எஸ். நிலுவையும் முடிந்தது. இடைப்பட்ட வாரங்களில், உள்ளூரில் கூடுதல் விலைக்குச் சிறிது கோல்டு சால்ட் வாங்கி ஒரு தொட்டியை மட்டும் ஓட்டினார். ஒரு பெரிய ஆர்டர் வேறு பட்டறைக்குப் போயிற்று. வேலை குறைந்ததால் இருவர் நின்றுவிட்டனர். அவர்களில் ஒருவர் பதினான்கு ஆண்டுகளாக அவரோடு இருந்தவர்.

இப்போது அவர் அனுமதிக்கு முறைப்படி விண்ணப்பித்திருக்கிறார். அவருக்கு எங்கள் கிளையில் சிறியதோர் எல்.சி. வரம்பும் அளிக்கப்பட்டிருக்கிறது. அதற்கான தாள்களில் கையொப்பமிட்ட அன்று, “கட்டணத்தைப் பார்த்தால் அதிகமாகத்தான் தெரிகிறது, மேடம். ஆனால் போன தடவை மிச்சப்படுத்தியது அதைவிட அதிகச் செலவாகிவிட்டது” என்றார்.

ஒவ்வொரு சிறு பட்டறைக்காரரும் இந்தக் கணக்கைத் தம் சொந்த இழப்பில்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வங்கி வழியாக, உரிய நாளில், உரிய பொருளுக்குப் பணம் செலுத்திய ஒருவரை நாட்டின் கொள்கை நம்பலாம். அதற்கான சான்று ஏற்கெனவே ரிசர்வ் வங்கியின் பதிவேட்டிலேயே இருக்கிறது.